டலூலா: முப்பது வயதுப் பூங்கா, இருநூறு வயது வழக்கு

ஜார்ஜியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், தென் கரோலினா எல்லையை ஒட்டி டலூலா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. சுமார் 2 மைல் நீளம், கிட்டத்தட்ட 1000 அடி ஆழம். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, பாறை விட்ட இடமெல்லாம் காடு, அடியில் ஒரு ஆறு. இது மாநிலப் பூங்காவானது 1993-ல்தான். ஜார்ஜியா மாநிலப் பூங்காக்களில் சில 1930களில் உருவானவை. அந்த வரிசையில் பார்த்தால் டலூலா புதுசு, நேற்று வந்த பிள்ளை.

ஆனால் ஜனங்கள் இங்கே வேடிக்கை பார்க்க வர ஆரம்பித்தது 1820களில். ரயில் வருவதற்கு அறுபது வருஷம் முன்னாடியே குதிரையிலும் வண்டியிலும் வந்திருக்கிறார்கள். ஜார்ஜ் குக் என்ற ஓவியர் 1841-ல் இதன் அருவிகளைப் பெரிய கித்தானில் தீட்டினார். அந்தப் படம் இப்போது ஏதென்ஸ் நகரில் உள்ள ஜார்ஜியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தென் மாநிலங்களின் நயாகரா என்று விளம்பரப்படுத்தப்பட்ட இடம் இது.

சரி, அப்படியென்றால் பூங்காவாக ஆவதற்கு 1993 வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போய்விட்டு வந்த பிறகு இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. தோண்டத் தோண்ட, பூங்காவின் கதை காட்டைப் பற்றியதே இல்லை, தண்ணீரைப் பற்றியது என்று தெரிந்தது. யாருடைய தண்ணீர், எப்போது ஓடலாம், யார் திறக்கலாம். காவிரி பஞ்சாயத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை.

முதலில் பாறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த ஊர் மலைகளில் இவ்வளவு ஆழமான வெட்டு எப்படி வந்தது? இங்கே பாறை குவார்ட்சைட், சாதாரணமாகத் தேயாத ரகம். இதை ஒரு நடுத்தர ஆறு ஆயிரம் அடிக்கு அறுத்திருக்கிறது என்றால் அந்த ஆற்றுக்குத் திடீரென்று வேகம் கூடியிருக்க வேண்டும். நிலவியலாளர்கள் சொல்லும் விளக்கத்துக்குப் பெயர் ஆற்றுத் திருட்டு. டலூலா ஆறும் பக்கத்திலுள்ள சட்டூகா ஆறும் ஒரு காலத்தில் தென்மேற்காகப் போய் சட்டஹூச்சி ஆற்றில் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போனவை. கிழக்கே சவானா ஆற்றின் கிளைகள் அட்லாண்டிக் பக்கமிருந்து மலையைப் பின்னோக்கி அரித்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கரையை உடைத்து இந்த இரண்டு ஆறுகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டன. அட்லாண்டிக் பக்கம் தரை ரொம்பத் தாழ்வு. ஆறு குறுக்குவழியில் கீழே விழ ஆரம்பித்தது, விழுந்த வேகத்தில் பாறையை அறுத்தது. ஒரு மைல் தூரத்துக்குள் 500 அடி இறக்கம். லாடோர், டெம்பெஸ்டா, ஹரிகேன், ஓஷியானா, பிரைடல் வெயில் என்று அடுத்தடுத்து அருவிகள். ஹரிகேன்தான் பெரிசு, 96 அடி.

இந்த 'கொஞ்ச தூரத்தில் நிறைய இறக்கம்' என்ற சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அருவியைப் பார்க்க வந்தவர்களை இழுத்ததும் அதுதான், பின்னால் அருவியைக் கொன்றதும் அதுதான்.

மனிதர்கள் பக்கம் வருவோம். இது செரோக்கி நிலம். 1819 ஒப்பந்தத்தில் செரோக்கிகள் இந்தப் பகுதியை விட்டுக்கொடுத்தார்கள், அதே வருஷக் கடைசியில் ஜார்ஜியா அரசு ரேபன் கவுண்டியை உருவாக்கியது. 1820-ல் நிலத்தை அளந்து, மனை மனையாகப் பிரித்து, லாட்டரி சீட்டுக் குலுக்கிக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. ஆமாம், நிஜமாகவே லாட்டரி. ஜார்ஜியாவின் பெரும்பகுதி இப்படித்தான் கைமாறியது. மீதி இருந்த செரோக்கி நிலமும் போய், அந்த மக்கள் 1838-ல் மேற்கே துரத்தப்பட்டது தனிக் கதை, தெரிந்த கதை. மிஞ்சியது பெயர் மட்டும். 'டலூலா' என்றால் 'பயங்கரம்' என்று பல சுற்றுலாக் கையேடுகளில் போட்டிருக்கும். செரோக்கி தொன்மங்களைத் தொகுத்து 1900-ல் வெளியிட்ட ஜேம்ஸ் மூனி, இந்தப் பெயருக்குப் பொருள் சொல்ல முடியாது என்றுதான் எழுதினார். எனக்கு மூனியைத்தான் நம்பத் தோன்றுகிறது. ஓட்டல்காரர்களுக்குப் பொருள் தேவைப்பட்டது, கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

ஓட்டல்கள் வந்தது ரயிலோடு. 1882-ல் டலூலா ஃபால்ஸ் ஊருக்கு ரயில் வந்தது. அட்லாண்டா, சவானா பக்கத்துப் பணக்காரக் குடும்பங்கள் வெயில் காலத்தில் மூட்டை முடிச்சோடு இங்கே வந்து வாரக்கணக்கில் தங்கினார்கள். கிளிஃப் ஹவுஸ் மாதிரி பெரிய ஓட்டல்கள், சின்ன விடுதிகள், நடன மண்டபங்கள். 1886-ல் 'புரொஃபசர் லியான்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கழைக்கூத்தாடி பள்ளத்தாக்கின் குறுக்கே கயிறு கட்டி நடந்தார். நடுவழியில் கயிறு ஆடிப்போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு எழுந்து நடந்து முடித்தாராம். இரவெல்லாம் அருவிச் சத்தம் ஓட்டல் அறைக்குள் கேட்குமாம், மைல் கணக்கில் கேட்குமாம். பழைய பயணக் குறிப்புகளில் எல்லோரும் தவறாமல் எழுதுவது பார்த்ததைவிட இந்தக் கேட்டதைப் பற்றித்தான்.

பெண் குழந்தைகளுக்கு டலூலா என்று பெயர் வைக்கிற அளவுக்குப் புகழ். ஹாலிவுட் நடிகை டலூலா பேங்க்ஹெட்டுக்கு அந்தப் பெயர் வந்தது பாட்டியிடமிருந்து. பாட்டிக்கு வந்தது இந்த அருவியிலிருந்து.

இதே காலத்தில் அட்லாண்டா வளர்ந்துகொண்டிருந்தது. டிராம் வண்டிகள், தெருவிளக்குகள், ஆலைகள். மின்சாரம் வேண்டும். தொண்ணூறு மைல் தூரத்தில், ஒரே மைலில் 500 அடி விழுகிற தண்ணீர் சும்மா விழுந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு பொறியாளர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். நானும் பி.இ. படித்தவன்தான், எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஜார்ஜியா ரயில்வே அண்ட் பவர் கம்பெனி, பின்னாளில் ஜார்ஜியா பவர் ஆன நிறுவனம், அருவிகளுக்கு மேலே 126 அடி உயரத்துக்கு ஒரு அணை கட்டத் திட்டமிட்டது. அணையின் தண்ணீரை ஆற்றில் விடாமல், மலைக்குள் 6,666 அடி நீளச் சுரங்கம் குடைந்து, பள்ளத்தாக்கின் மறுமுனைக்குக் கொண்டுபோய், அங்கே குழாய்களில் 608 அடி கீழே இறக்கி, டர்பைனைச் சுற்றுவது திட்டம்.

கவனியுங்கள், அருவியைத் தொடவே இல்லை. ஒரு பாறையைக்கூட உடைக்கவில்லை. தண்ணீர் மட்டும் அருவிக்குப் பக்கத்தில் சுரங்கப்பாதையில் போய்விடுகிறது. நம்ம பாஷையில் சொன்னால் பைபாஸ்.

கணக்கு எளிது. 608 அடி என்றால் சுமார் 185 மீட்டர். வினாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது ஒரு டன், 185 மீட்டர் இறங்கினால் கிடைக்கிற சக்தி சுமார் 1,800 கிலோவாட். டர்பைன், ஜெனரேட்டர் நஷ்டம் போக 1,500 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு. பெரிய ஆறு தேவையில்லை, உயரம் போதும். தரையோடு போகிற நதியில் இதே மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால் பத்து மடங்கு தண்ணீர் வேண்டும். லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன் சவானா ஆறு செய்த திருட்டின் பலனை 20-ஆம் நூற்றாண்டில் அட்லாண்டா டிராம் கம்பெனி அறுவடை செய்தது என்று சொல்லலாம்.

இங்கேதான் ஹெலன் டார்ச் லாங்ஸ்ட்ரீட் வருகிறார். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்த அம்மாள்தான்.

1863-ல் ஜார்ஜியாவில் கார்ன்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தவர். பத்திரிகையாளர். 1894-ல் மாநிலத் துணை நூலகர் பதவிக்கு வந்தார். பெண்களுக்கு இப்படிப்பட்ட பதவி கிடைக்காத காலம். பெண்களும் மாநில நூலகராகலாம் என்று 1896-ல் சட்டம் வந்தபோது அதற்கு இவர் பெயரே ஒட்டிக்கொண்டது, 'டார்ச் மசோதா'. 1897-ல் ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு வயது 76, பெண்ணுக்கு 34. உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படையில் ராபர்ட் லீக்கு அடுத்த நிலையில் இருந்த தளபதி அவர். போருக்குப் பிறகு வடவர்களின் குடியரசுக் கட்சியில் சேர்ந்ததால் கெட்டிஸ்பர்க் தோல்விக்கான பழியை எல்லாம் அவர் தலையில் கட்டினார்கள். 1904-ல் அவர் இறந்ததும், கணவர் பெயரைக் காப்பாற்ற ஒரு புத்தகம் எழுதிவிட்டு, கெயின்ஸ்வில் நகர அஞ்சல் நிலையத்தின் தலைமைப் பதவியில் அமர்ந்தார்.

தோற்றுப்போன கேசைக் கையில் எடுப்பது இவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது என்று தோன்றுகிறது.

1911-ல் அணைத் திட்டத்துக்கு எதிராக டலூலா ஃபால்ஸ் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஜார்ஜியாவில் இயற்கையைக் காப்பாற்ற நடந்த முதல் இயக்கங்களில் ஒன்று அது. பெண்களுக்கு ஓட்டு கிடையாது அப்போது. அமெரிக்க அரசியல் சாசனத்தில் அது வர இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. பத்திரிகைகளுக்கு எழுதினார், சட்டமன்றத்தை நெருக்கினார், கடைசியில் மாநில அரசையே கம்பெனி மேல் வழக்குப் போட வைத்தார்.

வழக்கின் அடிப்படை சுவாரசியமானது. அருவி அழகானது, அழிக்காதே என்று கேட்க அன்றைக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. சுற்றுச்சூழல் சட்டம் என்ற பிறவியே இல்லை. ஆகவே அது ஒரு பட்டா வழக்காகத்தான் வர முடிந்தது. பள்ளத்தாக்கை அரசு யாருக்கும் எழுதிக் கொடுத்ததே இல்லை, எனவே அது இன்னும் ஜார்ஜியா மக்களின் சொத்து, கம்பெனிக்கு யாரோ விற்றது செல்லாது என்பதுதான் வாதம். அதாவது 1820 லாட்டரிக்கே திரும்பப் போனார்கள். செரோக்கியிடமிருந்து எடுத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடுத்த பிறகு யாருக்குப் போனது என்பது மட்டும்தான் கேள்வி.

1913-ல் ரேபன் கவுண்டியின் தலைநகரான கிளேட்டனில் விசாரணை. உள்ளூர் ஜூரி கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வழக்கு நடக்கும்போதே அணை வேலை நிற்கவில்லை. அதே வருஷம் அணை முடிந்து மின்சாரம் அட்லாண்டாவுக்குப் போக ஆரம்பித்தது. அதே 1913-ல் ஹெலனின் அஞ்சல் அலுவலக வேலையும் போனது.

உள்ளூர் ஜூரியை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. ஓட்டல் சீசன் சில மாதம், அதன் லாபம் ஓட்டல்காரருக்கு. அணை வேலை கண் முன்னால் கூலி கொடுத்தது. அருவியைக் காப்பாற்று என்று சொன்னவர்களில் பலர் வேறு ஊர்க்காரர்கள். இன்றைக்கு உலகத்தில் எந்த மலையில் எந்தத் திட்டம் வந்தாலும் இதே இரண்டு கோஷ்டி இருக்கும். ஆனாலும் ஒன்று: அந்த மின்சாரம் மலைக்குப் பயன்படுவதற்காக எடுக்கப்படவில்லை, தொண்ணூறு மைல் தள்ளி டிராம் ஓட்ட எடுக்கப்பட்டது. ஹெலனின் கோபத்துக்கு நியாயம் இருந்தது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கம்பெனி இதே ஆற்றின் மேலும் கீழும் இன்னும் அணைகளைக் கட்டி, மொத்தம் ஆறு மின்நிலையங்களைப் படிக்கட்டு மாதிரி அடுக்கியது. ஆறு என்பது ஏரிகளின் வரிசையாகிவிட்டது. பர்ட்டன் என்ற ஊர் அந்தப் பெயர் கொண்ட ஏரிக்கு அடியிலேயே போனது.

டலூலா ஃபால்ஸ் ஊர் மெதுவாகச் செத்தது. அருவிச் சத்தம் நின்ற பிறகு ஓட்டலுக்கு யார் வருவார்? 1921 டிசம்பரில் பெருந்தீ, ஊரின் பெரும்பகுதி எரிந்தது. திரும்பக் கட்ட யாருக்கும் காரணம் இல்லை. ரயில் மட்டும் 1961 வரை இழுத்துப் பறித்து ஓடியது.

இடையில் இரண்டு தடவை வெளிச்சம் வந்தது. 1970 ஜூலை 18-ல் கார்ல் வாலெண்டா, தன் 65-ஆவது வயதில், கம்பி மேல் பள்ளத்தாக்கைக் கடந்தார். சுமார் 30,000 பேர் பார்த்தார்கள். நடுவே இரண்டு முறை தலைகீழாக நின்று காட்டினார். கம்பி கட்டிய கோபுரத்தின் மிச்சம் இன்னும் வடக்கு விளிம்புப் பாதையோரம் துருப்பிடித்துக் கிடக்கிறது. அடுத்து, 1972-ல் வெளிவந்த 'டெலிவரன்ஸ்' படம். ஜேம்ஸ் டிக்கியின் நாவல், ஜான் பூர்மன் இயக்கம். அணை கட்டி மூழ்கப்போகிற ஒரு ஆற்றில் கடைசியாக ஒரு தடவை படகு ஓட்டிவிடலாம் என்று வரும் நாலு நகரத்து ஆண்களின் கதை. பெரும்பகுதி சட்டூகாவில் எடுத்தார்கள், சில காட்சிகளை டலூலா பள்ளத்தாக்கில். அணையால் சாகப்போகும் நதியைப் பற்றிய படத்தை, அணையால் அறுபது வருஷத்துக்கு முன்பே செத்த நதியில் எடுத்திருக்கிறார்கள். மலைவாசிகளை அந்தப் படம் காட்டிய விதத்துக்கு ரேபன் கவுண்டிக்காரர்களுக்கு இன்றும் கோபம் உண்டு, அது நியாயமான கோபம்.

சரி, 1993-க்கு வருவோம். ஹெலன் கோர்ட்டில் தோற்றது எண்பது வருஷம் கழித்து எப்படிப் பாதி ஜெயித்தது?

பதில் ரொம்ப சாதாரணமானது: லைசென்ஸ் காலாவதி. அமெரிக்காவில் நதிகளில் மின்சாரம் எடுக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1920-ல் வந்தது. உரிமம் நிரந்தரம் இல்லை, முப்பது முதல் ஐம்பது வருஷம். அது முடிந்தால் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் மறுபடி போக வேண்டும். 1986-ல் இந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. இனி உரிமம் கொடுக்கும்போது மின்சாரத்தை மட்டும் பார்த்தால் போதாது. மீன், காட்டுயிர், பொழுதுபோக்கு, சுற்றுச்சூழல் எல்லாவற்றுக்கும் சமமான கவனம் தர வேண்டும் என்றது. 1990களின் தொடக்கத்தில் நாடு முழுக்க ஏராளமான அணைகளின் உரிமங்கள் ஒரே சமயத்தில் முடிந்தன. டலூலாவும் அதில் ஒன்று.

மென்பொருள் உலகில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரத்தில்தான் வாடிக்கையாளர் வாயைத் திறப்பார். அதுவரை வாங்கிய அவதியெல்லாம் அந்த ஒரு மாதத்தில் மேசைக்கு வரும். அதேதான் நடந்தது. 'அமெரிக்கன் ஒயிட்வாட்டர்' என்ற படகோட்டிகள் அமைப்பு வந்து நின்றது: ஆற்றில் தண்ணீர் விடு, நாங்கள் கயாக் ஓட்ட வேண்டும். கவர்னர் செல் மில்லர், இதே வடக்கு ஜார்ஜியா மலைக்காரர், பூங்கா வேண்டும் என்றார். நிலம் ஜார்ஜியா பவரிடமே இருக்க, மாநில அரசு அதைக் குத்தகைக்கு எடுத்து, 1993-ல் பூங்கா பிறந்தது. 1996-ல் புது உரிமம் வந்தது. 1997-லிருந்து குறிப்பிட்ட நாட்களில் அணையைத் திறக்க ஆரம்பித்தார்கள்.

ஆக, 1913-ல் 'இது யாருடைய நிலம்' என்று கேட்டு ஹெலன் தோற்றார். 1990களில் கேட்ட கேள்வி 'இந்தத் தண்ணீரை வருஷத்தில் எத்தனை நாள் விடலாம்' என்பது. சின்னக் கேள்வி, ஆனால் அதற்குத்தான் பதில் கிடைத்தது. அணை அங்கேயேதான் இருக்கிறது, மின்சாரமும் இன்றும் எடுக்கிறார்கள். இதை வெற்றி என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. அருவிக்கு அட்டவணை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் எண்பது வருஷம் அந்த அட்டவணைகூட இல்லை.

அந்த அட்டவணையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும்.

சாதாரண நாட்களில் பள்ளத்தாக்கில் விடுவது வினாடிக்கு சுமார் 40 கன அடிக்குள். மேட்டூர் திறப்புச் செய்திகளில் ஆயிரம், பத்தாயிரம் என்று படித்துப் பழகியவர்களுக்கு இது வாய்க்கால் தண்ணீர். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில நாட்கள் பார்வையாளர்களுக்காக சுமார் 200 கன அடி விடுகிறார்கள். ஏப்ரலில் முதல் இரண்டு வார இறுதிகள், நவம்பரில் முதல் மூன்று வார இறுதிகள் படகோட்டிகளுக்கு: சனிக்கிழமை 500, ஞாயிற்றுக்கிழமை 700. மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். 500 கன அடி என்பது சுமார் 14 கன மீட்டர். அது சுரங்கத்தில் போயிருந்தால் சுமார் 21 மெகாவாட். அருவி ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் 21,000 யூனிட் மின்சாரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். அருவிக்கு ஒரு விலைப்பட்டியல் போட முடிகிற இடம் உலகத்தில் அதிகம் இருக்காது.

நான் முதலில் பார்த்தது 40 கன அடி டலூலாவை. வடக்கு விளிம்பில் இன்ஸ்பிரேஷன் பாயிண்ட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் அகலமான, வெளுத்த பாறைப் படுகை. அதன் நடுவில் வெள்ளை நூல் மாதிரி தண்ணீர். படுகையின் அகலத்தைப் பார்த்தால்தான் என்ன ஓடியிருக்கும் என்று புரியும். ஆள் போய்விட்ட வீட்டில் சட்டை மட்டும் தொங்குகிற மாதிரி. இரண்டாவது முறை போனது ஒரு நவம்பர் சனிக்கிழமை. வண்டி நிறுத்துமிடத்திலேயே சத்தம் கேட்டது. பழைய குறிப்புகளில் எல்லோரும் ஏன் சத்தத்தைப் பற்றியே எழுதினார்கள் என்பது அப்போது விளங்கியது. படகுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான படிகளை இறங்கிப் போகிறார்கள், வரிசையாக, சபரிமலை இருமுடி வரிசை மாதிரி. ஓஷியானா அருவியில் ஒவ்வொரு படகும் வழுக்கி விழும்போது விளிம்பில் நிற்கிற கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.

தண்ணீருக்கு மேலே 80 அடி உயரத்தில் ஒரு தொங்கு பாலம் இருக்கிறது, நடக்கும்போது லேசாக ஆடும். தெற்கு, வடக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஹரிகேன் அருவிச் சுற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் விளிம்புப் பாதையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். பாறைப் படுகைக்கே இறங்க வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். இலவசம், ஆனால் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான். மழை பெய்தாலோ தண்ணீர் திறக்கும் நாளாக இருந்தாலோ கிடையாது. காலையில் சீக்கிரம் போனால் கிடைக்கும்.

இந்த நூறு பேர் கட்டுப்பாட்டை வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். இந்தக் காட்டில் பெர்சிஸ்டென்ட் டிரில்லியம் என்று ஒரு சின்னப் பூச்செடி இருக்கிறது. மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ், வயதாக ஆகப் பூ ரோஸ் நிறமாகும். உலகத்திலேயே டலூலா, டுகலூ ஆற்றுப் பகுதியில் மட்டும்தான் உண்டு. இது தனி இனம் என்று தாவரவியலாளர்கள் பதிவு செய்ததே 1971-ல்தான். ஹெலன் சண்டை போட்டபோது இப்படி ஒரு செடி இருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய கோர்ட்டில் அது சாட்சியாகியிருக்காது. 1978-ல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஹெலனுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. அவர் ஓயவில்லை. 1943-ல், எண்பது வயதில், மரியட்டாவிலிருந்த பெல் குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடிக்கும் வேலையில் சேர்ந்தார். 'லைஃப்' பத்திரிகை படத்தோடு செய்தி போட்டது. 1950-ல் கவர்னர் தேர்தலில் ஹெர்மன் டால்மட்ஜுக்கு எதிராக நின்றார். நிறவெறி அரசியலில் டால்மட்ஜ் குடும்பம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. தோற்றார், வழக்கம் போல. 1962-ல் மில்லெட்ஜ்வில் அரசு மனநல மருத்துவமனையில், 99-ஆவது வயதில் இறந்தார். கணவர் புதைக்கப்பட்டது கெயின்ஸ்வில்லில், இவர் அட்லாண்டாவில்.

பூங்காவின் நடைபாதைகளுக்கு இப்போது அவர் பெயர். ஹெலன் டார்ச் லாங்ஸ்ட்ரீட் நடைபாதை என்று பலகை இருக்கும், 1999-ல் வைத்தது. பெரும்பாலானவர்கள் யாரோ பணம் கொடுத்த சீமாட்டி என்று நினைத்துக் கடந்துபோவதைப் பார்த்தேன்.

1996-ல் கொடுத்த உரிமம் நாற்பது வருஷத்துக்கு. 2036-ல் முடிகிறது. எத்தனை நாள், எத்தனை கன அடி என்ற பேச்சு அப்போது மறுபடி மேசைக்கு வரும். அதற்கு முன்னால் போவதென்றால் நவம்பரின் முதல் மூன்று வார இறுதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது.